வட்டாரத் தரகராக நிலைத்து நிற்க: சந்தைப் போக்கைப் படிப்பது முதல் ஊர்ப்பணி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் மனையோ வீடோ வாங்க நினைப்பவர் இணையத்தில் எத்தனை விளம்பரம் பார்த்தாலும் கடைசியில் அந்தந்த ஊர்த் தரகரிடம்தான் வந்து நிற்கிறார். மழைக்குத் தண்ணீர் நிற்குமா, பத்திரம் சுத்தமா, சொல்கிற விலை நியாயமா, பக்கத்தில் என்ன வரப்போகிறது? இந்தக் கேள்விகளுக்கு ஊருக்குள் புழங்குகிறவருக்குத்தான் பதில் தெரியும்.

2016 இந்தத் தொழிலைப் புரட்டிப்போட்ட ஆண்டு. ரெரா என்று நாம் சொல்லும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று உத்தரவிட்டது. அதுவரை வாய்ப்பேச்சிலும் ஆள் பழக்கத்திலும் ஓடிய வேலை, காகிதமும் பொறுப்பும் கேட்கும் தொழிலாக மாறிவிட்டது. இன்னும் பலர் பழைய வழியிலேயே ஓட்டுகிறார்கள். இந்த வழிகாட்டி, மாவட்ட அளவில் புதிதாக இறங்குபவர்களுக்கும், பல வருடம் செய்துகொண்டிருப்பதை ஒழுங்குக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சந்தைப் போக்கை அறிவது ஒரு வேலை, ஊருக்கு உழைப்பது வேறொரு வேலை என்று பிரித்துப் பார்க்காதீர்கள். பட்டா மாறுதலுக்கு உதவி கேட்டு வரும் ஆளிடமிருந்துதான் தெருவின் உண்மை விலை தெரியவரும். கிராம சபையில் உட்கார்ந்தால்தான் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பது காதில் விழும்.

படி 1: எல்லையைக் குறுக்குங்கள்

"மாவட்டம் முழுக்கப் பார்க்கிறேன்" என்று சொல்லும் தரகருக்கு எந்தத் தெருவும் சரியாகத் தெரியாது. ஒரே ஒரு சார்பதிவாளர் அலுவலக எல்லையை எடுத்துக்கொண்டு, அதற்குள் எட்டு முதல் பத்து வருவாய்க் கிராமங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏன் சார்பதிவாளர் அலுவலகம்? வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த விலை), பத்திர நகல் எல்லாமே அந்த எல்லையை வைத்துத்தான் கிடைக்கும்.

ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி இவற்றை எழுதுங்கள்: வருவாய்க் கிராமத்தின் பெயரும் எண்ணும், புல எண்கள் (சர்வே எண்கள்) எதிலிருந்து எதுவரை, எந்த ஊராட்சி அல்லது பேரூராட்சி அல்லது நகராட்சி, மனை அங்கீகாரம் தருவது எந்த அலுவலகம். கடைசியாகச் சொன்னதில் கவனம் தேவை. சென்னையைச் சுற்றி சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற இடங்களில் டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம் என்பது பொது விதி. ஆனால் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-ல் அரசாணை வந்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், ராணிப்பேட்டைப் பக்கம் வேலை செய்பவர்கள் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அளவு முறையையும் அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். 1 செண்ட் 435.6 சதுர அடி, 1 கிரவுண்ட் 2,400 சதுர அடி, 100 செண்ட் 1 ஏக்கர். டெல்டா மாவட்டங்களில் இன்றும் மாவும் குழியும்தான் பேச்சில் இருக்கிறது. 100 குழி 1 மா, அது கிட்டத்தட்ட 33 செண்ட். பட்டாவிலோ ஹெக்டேர்–ஏர் கணக்கு. 0.04.50 என்று இருந்தால் நாலரை ஏர், அதாவது 450 சதுர மீட்டர், செண்டில் 11.12. இந்தப் புள்ளியை ஒரு இடம் தள்ளிப் படித்துவிட்டு 45 ஏர் என்று பேரம் பேசி, முன்பணமும் வாங்கியபிறகு சிக்கிக்கொள்வது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு.

படி 2: பதிவு, வரி, கணக்கு

ரெரா சட்டத்தின் 9-வது பிரிவின்படி, பதிவான திட்டங்களில் உள்ள மனை, வீடு, அடுக்ககம் எதையும் விற்றுத்தர ஏஜென்ட் பதிவு கட்டாயம். 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் உள்ள திட்டம் பொதுவாகப் பதிவு வரம்புக்குள் வரும். விண்ணப்பத்தைத் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தின் இணையதளத்தில் போட வேண்டும். பான், ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், கடந்த மூன்று ஆண்டு வருமான வரி விவரம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். கட்டணம் தனிநபருக்கு ஒரு தொகை, நிறுவனத்துக்கு வேறு தொகை. பதிவு ஐந்து ஆண்டு செல்லும். அலுவலக முகவரி ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும்.

பதிவு இல்லாமல் செய்தால் தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.10,000 வீதம், அந்தச் சொத்தின் விலையில் 5% வரை அபராதம் போக வழியுண்டு. பழைய வீட்டின் மறுவிற்பனைக்கும் விவசாய நிலத்துக்கும் இந்தப் பதிவு தேவைப்படாது. ஆனாலும் எடுத்துவிடுங்கள். மனைப்பிரிவு பக்கம் ஒரு பார்ட்டியை அழைத்துப்போன அன்றே உங்களுக்கு அது தேவைப்படும்.

பதிவு செய்த ஏஜென்ட் கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். பதிவாகாத திட்டத்தை விற்றுத்தரக் கூடாது. இல்லாத வசதியைச் சொல்லக் கூடாது. விளம்பரம் போடும்போது திட்டத்தின் ரெரா எண்ணைப் போடாமல் விடாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடும் படமும் விளம்பரம்தான்.

ஆண்டு வருமானம் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், தரகுக்கு 18%. நிறுவனங்கள் கமிஷன் தரும்போது பிடிக்கும் டிடிஎஸ் எனும் வருமான வரிப் பிடித்தம் 2024 அக்டோபர் முதல் 2% ஆகக் குறைந்திருக்கிறது. இவற்றை ஒரு கணக்காளரிடம் ஒப்படைப்பது நல்லது. உங்கள் நேரம் வேறு இடத்தில் வேண்டும்.

படி 3: விலைப் பேரேடு

இதுதான் தொழிலின் முதுகெலும்பு. பெரும்பாலான தரகர்கள் செய்யாததும் இதுவே.

ஒரு மனைக்கு நாலு விலை உண்டு. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் எழுதும் தொகை, உண்மையில் கைமாறிய விலை, விற்பவர் வாயால் சொல்லும் விலை. போக்கு என்று பலரும் பேசுவது கடைசி விலையை வைத்துத்தான். அதற்கும் கைமாறிய விலைக்கும் உள்ள இடைவெளியைத் தெரிந்துகொண்டால்தான் சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியும்.

பேரேட்டில் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு வரி. தேதி, கிராமம், புல எண், அளவு, மனைக்கு முன்னால் உள்ள சாலையின் அகலம், எந்தத் திசை, மூலை மனையா, முதலில் சொன்ன விலை, முடிந்த விலை, விற்பனைக்கு வந்த நாளுக்கும் முன்பணம் போட்ட நாளுக்கும் இடையில் எத்தனை நாள், கிரயத்துக்கு எத்தனை மாதம் தவணை, வங்கிக் கடன் உண்டா. நீங்கள் முடித்தவற்றை மட்டும் எழுதினால் போதாது. எல்லைக்குள் நடந்த எல்லா வியாபாரத்தையும் எழுதுங்கள். பத்திர எழுத்தர், வங்கி மதிப்பீட்டாளர், மற்ற தரகர்கள் மூவரிடமும் கேட்டு ஒத்துப்பாருங்கள். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் எழுதலாம்.

சில வரிகளுக்குப் பக்கத்தில் குறி போட வேண்டும். மருத்துவச் செலவுக்கோ கடனுக்கோ அவசரமாக விற்றது, பங்காளிகளுக்குள் கொடுத்துக்கொண்டது, பக்கத்து மனைக்காரர் சேர்த்துக்கொள்ள அதிகம் கொடுத்து வாங்கியது, தரகர் மேலே வைத்து விற்றது. இவை போக்கைக் காட்டாது. ஒரு தெருவில் குறியில்லாத மூன்று வரியாவது சேராமல் அந்தத் தெருவுக்கு விலை சொல்லாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். நம் ஊர்களில் சந்தை மந்தமானால் விலை உடனே இறங்குவதில்லை. சொந்தக்காரர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து முன்பணம் வரையிலான நாட்கள் கூடிக்கொண்டே போகும். மூன்று மாதக் கிரயத் தவணை ஆறு, பதினொன்று என்று நீளும். முன்பணத் தொகை சுருங்கும். சந்தை சூடுபிடிக்கும்போது இது தலைகீழாக நடக்கும்: தவணை குறையும், சொன்ன விலைக்கும் முடிந்த விலைக்கும் இடைவெளி சுருங்கும். விலைப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது பல மாதம் கழித்துத்தான் புரியும். நாட்களையும் தவணையையும் எழுதிவைத்தவருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

பதிவுச் செலவைப் பார்ட்டிக்குக் கணக்குப் போட்டுக் காட்டும்போது தெளிவாகக் காட்டுங்கள். 5 செண்ட், அதாவது 2,178 சதுர அடி. வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு ரூ.600 என்றால் மொத்தம் ரூ.13,06,800. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%: ரூ.1,17,612. பத்திரத்தில் எழுதும் தொகை வழிகாட்டி மதிப்பைவிட அதிகம் என்றால் அதிகமான தொகைக்குத்தான் இந்த 9%. ரூ.10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு. புது அடுக்ககங்களுக்கு 2023 டிசம்பர் முதல் நிலம், கட்டடம் இரண்டையும் சேர்த்த கூட்டு மதிப்பில் பதிவு நடக்கிறது. முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை ரூ.50 லட்சம் வரை 4%, ரூ.3 கோடி வரை 5%, அதற்கு மேல் 7%, இவற்றோடு பதிவுக் கட்டணம் 2%.

ரொக்கம் பற்றி ஒரு வார்த்தை. அசையாச் சொத்து விற்பனையில் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது விழுவது பணத்தை வாங்கிய சொந்தக்காரர் தலையில். இதை அவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள கிரயத்தில் வாங்குபவர் 1% வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் கணக்கு முற்றிலும் வேறு. ஆடிட்டரிடம் அனுப்பாமல் தேதி குறிக்காதீர்கள்.

படி 4: வரப்போவதை அரசுக் காகிதத்தில் படியுங்கள்

டீக்கடைப் பேச்சு ஒரு துப்பு. அதோடு அதன் வேலை முடிந்தது. போக்கு உருவாகும் இடம் அறிவிக்கைகள்.

முதலில் வரத்து. ரெரா தளத்திலும் டிடிசிபி தளத்திலும் உங்கள் எல்லைக்குள் எத்தனை மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றிருக்கிறது, அவற்றில் மொத்தம் எத்தனை மனை என்று மாதம் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். உங்கள் பேரேட்டில் மாதம் பத்து மனை விற்கும் பகுதியில் புதிதாக நானூறு மனை வந்திருந்தால் மறுவிற்பனைக்காரர் காத்திருக்கத்தான் வேண்டும். அவரிடம் அதை இந்த எண்களோடு சொல்லுங்கள்.

அடுத்து நில எடுப்பு. தேசிய நெடுஞ்சாலைக்கு 3ஏ அறிவிக்கை (நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று அரசு சொல்வது) முதல் கட்டம்; அதைத் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் வெளியிட்டாக வேண்டும். 3டி வந்துவிட்டால் நிலம் அரசுக்குப் போய்விட்டது என்று பொருள். மாநில நெடுஞ்சாலைக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, சிப்காட் தொழிற்பேட்டை போன்ற தொழில் தேவைக்குத் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் 1997. அறிவிக்கையில் புல எண் உட்பிரிவு வரை இருக்கும். அதை உங்கள் கிராமப் பக்கத்தில் சிவப்பில் குறித்துக்கொள்ளுங்கள். "ஹைவேயை ஒட்டியே இருக்கிறது" என்று சொல்லி விற்ற மனையின் பாதி 3ஏ பட்டியலில் இருப்பது தெரியாமல் போனால், அந்தக் குடும்பத்தின் சேமிப்பு பல ஆண்டு இழப்பீட்டு வழக்கில் முடங்கிவிடும்.

அறிவிப்பு, வேலை தொடக்கம், திறப்பு, புழக்கம் நான்கும் வெவ்வேறு. காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் புதிய விமான நிலையம் என்று 2022-ல் அறிவித்ததும் சுற்றுவட்டாரத்தில் மனை விளம்பரம் பெருகியது. அதே நேரத்தில் அந்தத் திட்டத்துக்கு நிலம் போகும் ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்துக்காகப் போராட்டத்தில் இறங்கினார்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது பக்கத்து ரயில் நிலையம் தயாராக இருக்கவில்லை. எந்தத் திட்டத்தைச் சொல்லி விற்றாலும் அது இந்த நான்கில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை வாங்குபவருக்கு எழுதிக் கொடுங்கள்.

இப்போது வாங்குபவர் கேட்பதும் மாறியிருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வருபவர்கள் முதலில் தண்ணீர் மட்டத்தைத்தான் கேட்கிறார்கள். கோவையில் முதியோருக்கென்றே கட்டும் குடியிருப்புகளுக்குத் தனிச் சந்தை உண்டாகிவிட்டது. சுற்றுச்சுவரும் காவலும் உள்ள மனைப்பிரிவுகளைச் சிறு நகரங்களிலும் கேட்கிறார்கள். பண்ணை மனை என்ற பெயரில் விவசாய நிலத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் போடுவதும் பரவி வருகிறது. இதில் எச்சரிக்கை தேவை. அங்கீகாரம் இல்லாமல் வீட்டுமனை போலப் பிரித்த துண்டுக்குப் பிறகு வீடு கட்டவும் கடன் வாங்கவும் அனுமதி கிடைக்காமல் போகும். தோட்டம் போடத்தான் வாங்குகிறார், வீடு கட்ட அல்ல என்பது உறுதியானால் மட்டும் காட்டுங்கள்.

படி 5: காகிதம் பார்க்கும் வரிசை

வழக்கறிஞர் கருத்துரை கட்டாயம் வேண்டும். ஆனால் அவரிடம் போகும் முன் கழிக்க வேண்டியவற்றை நீங்களே கழித்துவிடலாம். பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), முப்பது வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையின் மூலப் பத்திரம்), அங்கீகார வரைபடம் என்ற வரிசையில் போங்கள்.

பட்டாவில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா, கூட்டுப் பட்டாவா என்று பாருங்கள். புலப்படத்தை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய்க் கல்லைத் தேடுங்கள். அ-பதிவேட்டில்தான் நிலத்தின் வகை தெரியும்: ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), நத்தமா (குடியிருப்பு நிலம்), புறம்போக்கா (அரசு நிலம்), கோயில் நிலமா. பஞ்சமி நிலம் என்று குறிப்பு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 1892 முதல் பட்டியல் சாதி மக்களுக்கு ஒப்படைத்த நிலம் அது. பிற சமூகத்தாருக்கு விற்க முடியாத நிபந்தனை கொண்டது. எத்தனை பத்திரம் கைமாறியிருந்தாலும் அந்த நிபந்தனை போகாது. வியாபாரம் போகட்டும், அதை விற்றுத்தருவது, யாருக்காகக் கொடுத்தார்களோ அவர்களிடமிருந்து பறிப்பதற்குத் துணைபோவது.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் பல வழக்குகள் அதில் தெரியாது. வாரிசுச் சான்றில் உள்ள எல்லாப் பெயரையும் எண்ணிப் பாருங்கள். கல்யாணமாகிப் போன பெண்களின் கையெழுத்தை விட்டுவிட்டு அண்ணன் தம்பி மட்டும் போட்டுக் கொடுக்கும் பத்திரம் இன்றும் வருகிறது. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்துவிட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. "தங்கச்சி ஒண்ணும் சொல்ல மாட்டா" என்ற பேச்சை நம்பி முடித்த கிரயம்தான் பத்து வருடம் கழித்து நீதிமன்றத்தில் நிற்கும்.

வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் என்றால் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட்டாக வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு உரிய சான்றையும் கேளுங்கள்.

படி 6: ஊரோடு

"பஞ்சாயத்து அப்ரூவ்டு" மனையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் ஊரில் உங்களிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட வரைபடம் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரம் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த (பிறகு அங்கீகாரம் கொடுத்து ஒழுங்குபடுத்த) 2017-ல் விதிகள் வந்தன. உங்கள் எல்லைக்குள் எந்தெந்தப் பழைய மனைப்பிரிவு வரன்முறையானது, எது ஆகவில்லை என்று ஒரு பட்டியல் போட்டு யார் கேட்டாலும் காட்டுங்கள். தரகு கேட்காதீர்கள். ஒரு தெருவில் ஒருவர் வரன்முறைச் சான்று வாங்கிவிட்டால் மற்றவர்கள் உங்களிடம்தான் வழி கேட்பார்கள்.

பட்டா உதவி அடுத்தது. மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு மேசை போதும். பெயர் மாறுதல் மட்டுமா, உட்பிரிவு செய்ய வேண்டுமா என்று பிரித்துச் சொல்வது, இ-சேவை மையத்துக்கு எந்தக் காகிதம் கொண்டுபோக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது, நிராகரித்த மனுவில் காரணம் என்ன என்று படித்துச் சொல்வது. 1980-களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் ஏறிய பெயர்ப் பிழைகள் இன்னமும் பல குடும்பங்களை அலைக்கழிக்கின்றன. அவர்களை ஆண்டுக்கொருமுறை தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி எனும் வருவாய்த் தீர்வாயத்துக்கு மனுவோடு அனுப்புங்கள். அந்த மேசையில் இரண்டு கட்டுப்பாடு: யாருடைய ஆதார் நகலையும் பத்திர நகலையும் வைத்துக்கொள்ளக் கூடாது, "விற்கிற எண்ணம் இருக்கா?" என்று கேட்கக் கூடாது. இரண்டாவதை மீறிய அன்று அது உதவி மேசையாக இருக்காது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தவறாமல் போங்கள். புது மனைப்பிரிவுக்குத் தெருவிளக்கு, குடிநீர் இணைப்பு, குப்பை வண்டி எப்போது வரும் என்பதைக் கேளுங்கள். பழைய தெருவுக்கு வராமல் புதுசுக்கு மட்டும் வந்தால் அதையும் கேளுங்கள். நீங்கள் விற்றுக்கொண்டிருக்கும் மனைப்பிரிவு பற்றிப் பேச்சு வந்தால், "எனக்கு அதில் தரகு உண்டு" என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள். ஊரில் இதை மறைத்து நெடுநாள் ஓட்ட முடியாது.

பூங்கா நிலத்தைக் காப்பது தரகரால் மட்டும் எளிதாகச் செய்யக்கூடிய வேலை. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் 10% திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பதினைந்து வருடம் கழித்து அந்த இடத்தில் வேலி ஏறும், பிறகு மனை எண் ஏறும். அங்கீகார வரைபடத்தின் நகல் உங்களிடம் இருக்கும், குடியிருப்போரிடம் இருக்காது. ஒரு நகல் போட்டுக் கொடுத்து, பூங்காவையும் சாலையையும் குறித்து, தானப் பத்திர எண்ணையும் எழுதிக் கொடுங்கள். சங்கம் இல்லையென்றால் ஏழு பேர் சேர்ந்தாலே 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்துவிடலாம் என்று சொல்லுங்கள். அடுக்ககம் என்றால் 2022 அடுக்கக உரிமைச் சட்டத்தின் கீழ் சங்கம் அமைய வேண்டும்.

நீர்வழிகளையும் கிராமப் பக்கத்தில் வரையுங்கள். ஏரி, ஏரிக்கு வரும் வாய்க்கால், கலங்கல், உபரி நீர் போகும் ஓடை. ஆடியில் காய்ந்து கிடக்கும் வாய்க்காலை மண்போட்டு மூடி மனைக்குப் பாதை போட்டால் ஐப்பசியில் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். புலப்படத்தில் வாய்க்கால் இருந்து தரையில் இல்லையென்றால் அந்த மனையை எடுக்காதீர்கள்.

வாடகை வீட்டில் ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்ல வேண்டும். "இன்னாருக்குக் கொடுக்க மாட்டோம்" என்று சாதி, மதம், சாப்பாடு பார்த்துச் சொல்லும் சொந்தக்காரர்கள் உண்டு. அந்த வடிகட்டும் வேலையைத் தரகர் செய்துகொடுப்பதால்தான் அது இவ்வளவு எளிதாக நடக்கிறது. வாடகை, முன்பணம், ஆள் எண்ணிக்கை, வேலைச் சான்று ஆகியவற்றை மட்டும் நிபந்தனையாக எடுத்துக்கொள்வேன் என்று சொல்லுங்கள். சில வீடுகள் கைவிட்டுப் போகும். போகட்டும்.

மற்ற தரகர்களும் ஊர்தான். ஒரு மனைக்கு நாலைந்து பேர் சங்கிலியாக நின்று ஆளுக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் கெடுவது வாங்குபவர் பணமும் உங்கள் பேரேடும். பார்ட்டியை அழைத்துப்போகும் முன்பே யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு செய்தியாவது எழுதி அனுப்பிவிடுங்கள். வாரம் ஒரு நாள் வட்டாரத் தரகர்கள் கூடி, முடிந்த விலைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் எல்லோர் பேரேடும் சரியாகும்.

படி 7: முன்பணத்திலிருந்து பட்டா வரை

டோக்கன் அட்வான்ஸ் வாங்கும்போதே ரசீதில் புல எண், அளவு, மொத்த விலை, கிரயத் தேதி, எந்தக் காகிதம் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்பது எல்லாம் இருக்கட்டும். பணத்தைச் சொந்தக்காரர் கணக்குக்கு நேரே போடச் சொல்லுங்கள். உங்கள் கணக்குக்கு வாங்காதீர்கள். ரெரா திட்டம் என்றால் பதிவான விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10%-க்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற திருத்தம் இருக்கிறது. வெள்ளைத்தாள் அக்ரிமெண்ட்டோடு நிற்காதீர்கள். தரகு எத்தனை சதவீதம், எப்போது, இரண்டு பக்கமும் வாங்குகிறீர்களா என்பதை இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு தாளில் எழுதிவையுங்கள். தரகுத் தகராறுகளில் பெரும்பாலானவை தொகையால் வருவதில்லை. எதிர்த் தரப்பிடமும் வாங்கியது பிறகு தெரியவருவதால் வருகின்றன.

கிரயத்துக்கு முந்தின நாள் மாலை வில்லங்கத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். பத்திர வரைவில் நான்கெல்லையைப் புலப்படத்தோடு ஒத்துப்பாருங்கள். பழைய பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதும்போது, எப்போதோ இறந்துபோனவர் பெயர் இன்னும் கிழக்கு எல்லையில் இருக்கும்.

பதிவு முடிந்து தரகு கைக்கு வந்தபிறகும் மூன்று வேலை பாக்கி: பட்டா மாறுதல், சொத்துவரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம். தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வாங்கியவரிடம் கொடுத்து, மூன்றும் முடியும்வரை பின்தொடருங்கள். இரண்டு வாரம் கழித்துப் புது வில்லங்கச் சான்று எடுத்து, இந்தக் கிரயம் சரியான புல எண்ணில், சரியான அளவோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உட்பிரிவு எண்ணில் 2ஏ என்பது 2பி என்று ஏறியிருந்தால், பிழை பத்திரத்திலா அலுவலகப் பதிவிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பத்திரத்தில் என்றால் விற்றவர் ஊரில் இருக்கும்போதே பிழைத்திருத்தப் பத்திரம் போட்டுவிட வேண்டும். அவர் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டால் கையெழுத்துக்காக அலைய நேரும். அலுவலகப் பதிவில் என்றால் பத்திர நகலை இணைத்துச் சார்பதிவாளரிடம் மனு கொடுத்து, மனு எண்ணைப் பேரேட்டில் அந்த வியாபாரத்தின் வரியிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.